கம்பியில்லா வலையும் எழுதப்படாத இலக்கணமும்: லினக்ஸ் மடிக்கணினியில் வைஃபை வந்த வரலாறு

பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸை நிறுவிய ஆய்வு மாணவர்கள் பலரும் இந்த நிலையைப் பார்த்திருப்பர். திரை தெளிவாக இருக்கும், ஒலி கேட்கும், ஈதர்நெட் கம்பியைச் செருகினால் இணையம் உடனே வரும். வைஃபை மட்டும் இராது; அருகிலுள்ள இணைப்புகளின் பட்டியல்கூடத் தோன்றாது. விடுதியில் விவரமறிந்த மூத்தவர் ஒருவர் வந்து, டெர்மினலைத் திறந்து, நான்கைந்து கட்டளைகளைத் தட்டிவிட்டுப் போவார். இணைப்பு வந்துவிடும். முதலில் ஏன் வரவில்லை என்ற கேள்வி அத்துடன் மறந்துபோகும். இந்த நீண்ட பதிவு அந்தக் கேள்வியைப் பற்றியது. அதற்கான விடையில் பொறியியல் குறைவு, வரலாறு அதிகம். மொழியியல் படித்த எனக்கு இதில் ஒரு தனி அக்கறையும் உண்டு. பேசுவோர் எவரும் விளக்க முன்வராத ஒரு மொழிக்கு வெளியாள் எப்படி இலக்கணம் எழுதுவது, எழுதியபின் அது யாருக்கு உரியது என்ற சிக்கல்தான் இவ்வரலாற்றின் நடுவில் இருக்கிறது.

முதலில் சற்று விளக்கம். மடிக்கணினிக்குள் இருக்கும் வைஃபை சில்லு ஒரு சிறு வானொலி நிலையம். இந்த அலைவரிசைக்கு மாறு, இவ்வளவு ஆற்றலில் அனுப்பு, வந்ததை நினைவகத்தின் இந்தப் பகுதியில் வை என்று இயங்குதளம் அதற்கு ஆணையிட வேண்டும். ரெஜிஸ்டர்கள் எனப்படும் எண்ணிட்ட அறைகளில் குறிப்பிட்ட மதிப்புகளைக் குறிப்பிட்ட வரிசையில் எழுதுவதே ஆணையிடும் முறை. எந்த அறையில் எதை எழுதினால் என்ன நிகழும் என்பது சில்லுக்குச் சில்லு மாறும். அதை அறிந்து பேசும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். இதற்கு மேல் ஃபர்ம்வேர் என ஒன்றும் உண்டு. அது சில்லுக்குள்ளேயே ஓடும் நிரல். பல வைஃபை சில்லுகளில் அது நிலையாகப் பதிந்திருப்பதில்லை; ஒவ்வொரு முறை கணினியைத் தொடங்கும்போதும் வட்டிலிருந்து எடுத்து ஏற்றப்பட வேண்டும். டிரைவர், ஃபர்ம்வேர் இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் சில்லு ஊமையாகிவிடும். சில்லின் கையேடு கையில் இருந்தால் டிரைவர் எழுதுவது உழைப்பைக் கேட்கும் வேலை, அவ்வளவுதான். கையேடு இல்லையென்றால் அது வேறொரு வகை ஆய்வாகிவிடுகிறது.

தொடக்கத்தில் நிலைமை அவ்வளவு மோசமாக இருக்கவில்லை. 1985இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2.4 கிகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட சில அலைவரிசைகளைத் தனி உரிமமின்றிப் பயன்படுத்த வழிவிட்டது. மைக்ரோவேவ் அடுப்புகளின் இரைச்சல் நிறைந்த பகுதி அது. என்சிஆர் நிறுவனத்தின் நெதர்லாந்துப் பிரிவு, கடைகளிலுள்ள பணப்பதிவு இயந்திரங்களைக் கம்பியின்றி இணைக்க அதைப் பயன்படுத்தியது. வேவ்லான் என்ற அட்டை அதன் விளைவு. அந்த நிறுவனத்தைச் சேர்ந்த விக் ஹேய்ஸ் தலைமையேற்ற ஐஇஇஇ குழு 1997இல் 802.11 தரத்தை வெளியிட்டது. நாம் இன்று வைஃபை என்பது இதன் வழிவந்ததே. அதே காலத்தில் ஹியூலெட் பக்கார்டில் பணியாற்றிய ழான் தூரில், வெவ்வேறு நிறுவன அட்டைகளையும் லினக்ஸில் ஒரே விதமாகக் கையாள உதவும் பொது இடைமுகம் ஒன்றை உருவாக்கினார். பழைய வழிகாட்டிகளில் காணும் ஐடபிள்யூகான்ஃபிக் என்ற கட்டளை அவர் தந்தது.

அந்நாளில் வைஃபை அட்டை மடிக்கணினியின் பக்கவாட்டில் செருகும் தனிப்பொருள் என்பதை மறக்கக்கூடாது. எந்த அட்டை லினக்ஸில் இயங்குகிறதோ அதைப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். இன்டர்சில் நிறுவனத்தின் பிரிசம் சில்லு கொண்ட அட்டைகளுக்கு ஃபின்லாந்தைச் சேர்ந்த யௌனி மாலினென் எழுதிய டிரைவர், ஒரு சாதாரண மடிக்கணினியையே வைஃபை நிலையமாக மாற்றியது. கடவுச்சொல்லைச் சரிபார்த்து மறைகுறியாக்கச் சாவியைப் பேசி முடிக்கும் டபிள்யூபிஏ சப்ளிகன்ட் என்ற நிரலும் அவர் தொடங்கியதே. ஆண்ட்ராய்டு கைபேசி வைத்திருக்கும் எல்லோரும் அதை அறியாமலேயே பயன்படுத்திவருகிறோம்.

2003 மார்ச்சில் இன்டெல் சென்ட்ரினோவை அறிமுகப்படுத்தியபோது நிலைமை மாறியது. வைஃபை சில்லு மடிக்கணினியின் உள்ளுறுப்பாகியது. தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்குபவரின் கையைவிட்டுப் போனது. விண்டோஸுக்கு டிரைவர் முதல் நாளே இருந்தது. லினக்ஸுக்கான டிரைவரை இன்டெல் 2004இல்தான் வெளியிட்டது. அதுவாவது வந்தது. பிராட்காம், அதெராஸ் ஆகியவற்றின் சில்லுகள் கொண்ட கணினிகளை வாங்கியவர்களுக்கு மூலநிரலும் இல்லை, கையேடும் இல்லை.

நிறுவனங்கள் மறுத்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டு. முதலாவது வணிக இரகசியம். அதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது காரணம் கவனிக்கத்தக்கது. புதிய சில்லுகளில் அலைவரிசையும் ஆற்றலும் மென்பொருளால் கட்டுப்படுத்தப்பட்டன. மூலநிரலைத் திறந்துவிட்டால் எவரும் அனுமதியற்ற அலைவரிசையில் ஒலிபரப்பக்கூடும், அதற்குத் தாங்களே பொறுப்பாளியாகக்கூடும் என்று நிறுவனங்கள் வாதிட்டன. இந்த அச்சம் முழுக்கப் பொய்யல்ல. ஆனால் 2006இல் இன்டெல் தனது 3945 சில்லுக்குத் தந்த டிரைவர் அதன் விலையைக் காட்டியது. மூலநிரல் தராத தனி நிரல் ஒன்று, கணினியின் உச்ச அதிகாரத்துடன், அலைவரிசை விதிகளைக் கண்காணிப்பதற்காகப் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. எதிர்ப்பு எழுந்தது. அடுத்த ஆண்டே அவ்வேலை ஃபர்ம்வேருக்குள் நகர்த்தப்பட்டு அந்தக் காவல் நிரல் கைவிடப்பட்டது.

இந்த இடைக்காலத்தில் மாணவர் விடுதிகளை வாழவைத்தது என்டிஐஎஸ்ராப்பர். 2003இல் பொன்டஸ் ஃபுக்ஸ் தொடங்கியது. பின்னர் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய கிரிதர் பெம்மசானி அதை வளர்த்தெடுத்தார். அதை ஒரு துபாஷி என்று சொல்லத் தோன்றுகிறது. விண்டோஸுக்காக எழுதப்பட்ட டிரைவரை அப்படியே எடுத்துவந்து, லினக்ஸ் கெர்னலுக்குள் அமர்த்தி, நீ விண்டோஸிடம்தான் பேசுகிறாய் என்று அதை நம்பவைக்கும். டிரைவர் விண்டோஸைக் கூப்பிடும் ஒவ்வோர் அழைப்பையும் லினக்ஸுக்கு மாற்றிச் சொல்லும். துபாஷிகளைப் பற்றி நாம் வரலாற்றில் படிக்கும் சங்கடங்கள் எல்லாம் இதிலும் உண்டு. இருபுறமும் அவரையே நம்பியிருக்க வேண்டும். அவர் சொல்வதைச் சரிபார்க்க வழியில்லை. டிரைவருக்குள் பிழை இருந்தால் கெர்னலே நின்றுவிடும், திருத்த எவராலும் முடியாது. இன்டெல் வகைச் செயலி அல்லாத கணினிகளில் அது பயன்படவே படாது. லினக்ஸ் வட்டாரத்தில் பலர் அதை வெறுத்தனர். இது இருக்கும்வரை நிறுவனங்கள் மூலநிரல் தர முன்வரமாட்டா என்றனர். கோட்பாட்டளவில் அவர்கள் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் வேறு கணினி வாங்க வசதியில்லாத மாணவருக்கு அன்று வேறு வழி இருக்கவில்லை. அந்தத் தேவையை இழிவாகப் பேசிய கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இவ்வரலாற்றில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி பிராட்காம் சில்லுகளுக்கு டிரைவர் எழுதப்பட்ட கதை. அது ஒரு வீட்டு ரவுட்டரிலிருந்து தொடங்குகிறது. 2002 இறுதியில் வந்த லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டருக்குள் லினக்ஸ் ஓடுவதைச் சிலர் கண்டுபிடித்தனர். லினக்ஸின் ஜிபிஎல் உரிமப்படி, அதை மாற்றி விற்பவர் மூலநிரலையும் தர வேண்டும். 2003இல் இக்கேள்வி பொதுவெளிக்கு வந்தது. லிங்க்சிஸ் மூலநிரலை வெளியிட்டது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திட்டம் அதிலிருந்து பிறந்தது. ஆனால் அந்த வெளியீட்டில் வைஃபை டிரைவர் மட்டும் மூலநிரலாக இல்லை. எந்திரம் மட்டும் படிக்கக்கூடிய இருமக் கோப்பாகவே இருந்தது.

அந்த இருமக் கோப்பே ஆய்வுப் பொருளாயிற்று. கல்வெட்டின் மைப்படியை மேசையில் விரித்து எழுத்தெழுத்தாகப் படிப்பது போல, ஒரு குழு அதைப் பிரித்துப் படிக்கத் தொடங்கியது. இங்கே சட்டச் சிக்கல் ஒன்று குறுக்கிடும். பிறருடைய நிரலைப் படித்தவர் அதே வேலைக்கு நிரல் எழுதினால், அவர் நகலெடுத்தார் என்ற குற்றச்சாட்டுக்கு ஆளாகலாம். அதைத் தவிர்க்க வேலை இரண்டாகப் பிரிக்கப்பட்டது. முதற்குழு இருமக் கோப்பைப் படிக்கும். சில்லு எப்படி நடந்துகொள்கிறது என்ற விவரணையை மட்டும் எழுதி வெளியிடும். டிரைவரில் ஒரு வரிகூட எழுதாது. இரண்டாம் குழு அந்த விவரணையை மட்டும் படிக்கும்; இருமக் கோப்பைத் தொடவே தொடாது; டிரைவரை எழுதும். தூய அறை முறை என்று இதற்குப் பெயர். ஐபிஎம் கணினியின் பயாஸ் நிரலுக்கு ஈடான ஒன்றை ஃபீனிக்ஸ் நிறுவனம் 1984இல் உருவாக்கியதும் இம்முறையில்தான்.

இலக்கியத்திலிருந்து இலக்கணம் எடுப்பது நமக்குப் பழகிய கருத்து. இங்கே அதன் அடுத்த படியும் நிகழ்கிறது. வழக்கைக் கேட்டவர் இலக்கணம் எழுதுகிறார். வழக்கை ஒருபோதும் கேட்டிராதவர் அந்த இலக்கணத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேசத் தொடங்குகிறார். அவர் பேச்சைச் சில்லு புரிந்துகொள்ள வேண்டும். ஒரு விவரண இலக்கணத்துக்கு இதைவிடக் கடுமையான தேர்வு இருக்க முடியுமா என்று தெரியவில்லை. நாம் எழுதும் இலக்கணங்களில் இடைவெளி இருந்தால் படிப்பவர் தம் மொழியறிவால் நிரப்பிக்கொள்வார். களப்பணியில் தகவலாளரிடம், இப்படிச் சொல்லலாமா என்று கேட்டால் அவர் முகம் சுளிப்பதிலிருந்தாவது ஏதோ தெரியும். சில்லு முகம் சுளிக்காது, உறைந்து நின்றுவிடும். எந்தச் சொல் தவறு என்பதைத் திரும்பவும் தேட வேண்டும்.

2005 டிசம்பரில் அந்த டிரைவர் பொதுவில் அறிவிக்கப்பட்டது. 2006 ஜூனில் வந்த 2.6.17 கெர்னலில் இடம்பெற்றது. நிரல் எழுதியவர்களில் முதன்மையானவர் மிஹாயேல் ப்யூஷ். அப்போதும் ஒரு குறை எஞ்சியது. சில்லுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேரைப் பிறருக்கு வழங்க பிராட்காமின் அனுமதி இல்லை. ஆகவே, பயனரே நிறுவனத்தின் டிரைவர் கோப்பைத் தரவிறக்கி, ஃபர்ம்வேர் பகுதியை ஒரு சிறு கருவியால் வெட்டியெடுத்துக்கொள்ள வேண்டும். விடுதி மூத்தவர்கள் தட்டிய அந்த நான்கைந்து கட்டளைகளில் ஒன்று பெரும்பாலும் இதுதான். இதைச் செய்ய இணையம் தேவை. இணையத்துக்கு வைஃபை தேவை. ஆகவே எங்கிருந்தாவது ஓர் ஈதர்நெட் கம்பி கடன் வாங்க வேண்டும்.

2007 ஏப்ரலில் இக்கதையில் கசப்பான திருப்பம் ஒன்று நேர்ந்தது. ஓப்பன்பிஎஸ்டி என்ற இன்னொரு கட்டற்ற இயங்குதளத்துக்கு மார்க்கஸ் குளோக்கர் எழுதிவந்த பிராட்காம் டிரைவரில், ஜிபிஎல் உரிமம் கொண்ட தங்கள் நிரலின் பகுதிகள் அனுமதியின்றி இருப்பதாக ப்யூஷ் பொது மின்னஞ்சல் குழுவில் எழுதினார். ஓப்பன்பிஎஸ்டியின் தலைவர் தியோ டி ராட், தனியாகக் கேட்டிருக்க வேண்டியதைப் பொதுவில் குற்றஞ்சாட்டலாமா என்று சீறினார். குளோக்கர் அந்த டிரைவரையே நீக்கிவிட்டார். சில மாதங்களில் தரப்புகள் இடம்மாறின. அதெராஸ் சில்லுகளுக்காக ஓப்பன்பிஎஸ்டியின் ரெய்க் ஃப்ளோட்டர் எழுதியிருந்த நிரலைத் தழுவிய லினக்ஸ் டிரைவரில், அவருடைய தளர்வான உரிமத்தை எடுத்துவிட்டு ஜிபிஎல் மட்டும் இடும் திருத்தம் ஒன்று முன்மொழியப்பட்டது. இம்முறை எதிர்ப்பு ஓப்பன்பிஎஸ்டி பக்கத்திலிருந்து வந்தது. சட்ட ஆலோசனைக்குப் பின், ஃப்ளோட்டரின் உரிமக் குறிப்பைக் காத்தே 2008இல் அந்த டிரைவர் கெர்னலில் சேர்ந்தது.

இப்பூசலைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்குவோர் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. முந்தைய ஆய்வாளரின் தரவை எடுத்தாளும்போது பெயரைச் சொல்வது, அவர் விதித்த நிபந்தனையை மதிப்பது ஆகியவை நம் துறைகளில் எவ்வளவு தளர்ந்துகிடக்கின்றன என்பதை அறிவோம். ஊதியமின்றி எழுதிய சிலர், தம் முன்னவரின் மூன்று வரி உரிமக் குறிப்புக்காக வழக்கறிஞரிடம் போயிருக்கிறார்கள்.

அதெராஸ் கதையின் எஞ்சிய பகுதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். சாம் லெஃப்லர் முன்னின்று உருவாக்கிய மேட்வைஃபை டிரைவர், சில்லைத் தொடும் அடிப்பகுதியை மட்டும் மூடிய கோப்பாக வைத்திருந்தது. அந்த அடிப்பகுதிக்கு ஃப்ளோட்டர் பின்னோக்கிப் பகுத்து மாற்று எழுதினார். 2008இல் அதெராஸ் நிறுவனமே லினக்ஸ் வைஃபை நிரலாளர் லூயிஸ் ரோட்ரிகஸைப் பணியமர்த்தி, புதிய சில்லுகளுக்கான ஏத்9கே டிரைவரை முழு மூலநிரலுடன் வெளியிட்டது. பிராட்காம் 2010 செப்டம்பரில் இதே வழிக்கு வந்தது. இதற்கிடையே, டிரைவர் ஒவ்வொன்றும் தனக்கெனத் தனியாக 802.11 நெறிமுறையை எழுதிக்கொள்ளும் குழப்பமும் தீர்ந்தது. டிவைஸ்கேப் என்ற நிறுவனம் அளித்த நிரலிலிருந்து வளர்ந்த மேக்80211 என்ற பொது அடுக்கு 2007இல் கெர்னலில் சேர்ந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த ஆற்றல் கருவிகளுக்கு உரிம விலக்கு அளிக்கும் விதிகள் 2005 ஜனவரியில் வந்தன. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியைக் கட்டடத்துக்கு வெளியேயும் தாராளமாகப் பயன்படுத்த 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாட்டுக்கு நாடு மாறும் இவ்விதிகளை லினக்ஸ் ஒரு பொதுத் தரவுத்தளமாகத் தொகுத்து வைத்திருக்கிறது. எவரும் படிக்கலாம், தவறிருந்தால் திருத்தம் அனுப்பலாம். மூலநிரலைத் திறந்தால் அலைவரிசைச் சட்டம் மீறப்படும் என்ற பழைய வாதத்துக்கு இது நேரான பதில். இதன் நடைமுறைப் பயன் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1 முதல் 11 வரையுள்ள தடங்களே வழக்கத்தில் உள்ளன. இந்தியாவில் 13 வரை உண்டு. அமெரிக்க விதியில் அமைந்த மடிக்கணினிக்கு, 12 அல்லது 13ஆம் தடத்தில் இயங்கும் துறை ரவுட்டர் தெரியவே தெரியாது. பக்கத்து மேசையில் வைஃபை வருகிறது, எனக்கு வரவில்லை என்று புலம்புவோர் கடவுச்சொல்லை ஆராயும் முன் நாட்டுக் குறியீட்டைப் பார்ப்பது நல்லது.

பின்னோக்கிப் பகுத்தல் சட்டவிரோதம் என்று எண்ணும் மாணவர்களுக்கும் ஒரு குறிப்பு. ஐரோப்பாவில் 1991இன் மென்பொருள் நெறிமுறையும், இந்தியாவில் 1999இல் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் சேர்க்கப்பட்ட விலக்கும், தனித்து உருவாக்கிய நிரல் பிறவற்றோடு இணைந்து இயங்கத் தேவையான தகவல் வேறு வழியில் எளிதில் கிடைக்காதபோது, அதைப் பெற உரிய செயல்களை அனுமதிக்கின்றன. நம் பல்கலைக்கழகங்களில் இப்பிரிவு போதிய அளவு பேசப்படுவதில்லை.

இதனால் ஆய்வுலகுக்கு விளைந்தது என்ன என்று கேட்கலாம். ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோக் ஹாய்லண்ட் யோர்கென்சனும் உடனாய்வாளர்களும், மெதுவான ஒரு கருவி எல்லோருடைய வைஃபை வேகத்தையும் கெடுக்கும் சிக்கலுக்கு 2017இல் தந்த தீர்வு, ஏத்9கே டிரைவரில்தான் செய்து காட்டப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்தி வான்ஹோஃப், டபிள்யூபிஏ2 பாதுகாப்பு நெறிமுறையிலேயே இருந்த ஓட்டையை வெளிப்படுத்தினார். அதில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவற்றுள் லினக்ஸும் ஒன்று: மேற்சொன்ன டபிள்யூபிஏ சப்ளிகன்டின் அன்றைய பதிப்புகள், தாக்குதலின்போது எல்லாம் சுழியமான சாவியை ஏற்றுக்கொண்டன. மூலநிரல் திறந்திருந்தால் பிழை இராது என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. திருத்தம் அன்றே வந்தது என்பதும் உண்மை. வான்ஹோஃபும் ஃபிராங்க் பீசன்ஸும் 2014இல் செய்த முந்தைய ஆய்வில், விலை மலிந்த யுஎஸ்பி வைஃபை கருவியின் நடத்தையையே மாற்றித் தாக்குதல்களைச் சோதித்திருந்தனர். அந்தச் சில்லின் ஃபர்ம்வேர் மூலநிரலாகத் திறக்கப்பட்டிருந்ததால் அது இயன்றது.

ஃபர்ம்வேர் திறந்திருக்கும் சில்லுகள் மிகச் சில. பழைய பிராட்காம் சில்லுகளுக்கு இத்தாலியின் பிரெஷா பல்கலைக்கழகத்தார் மாற்று ஃபர்ம்வேர் எழுதினர். அதெராஸின் சில யுஎஸ்பி சில்லுகளுக்கு மூலநிரல் உண்டு. மற்றவற்றில், டிரைவரின் இலக்கணம் வெளிவந்துவிட்டபோதும், அது ஏற்றும் ஃபர்ம்வேர் மூடிய கோப்பாகவே இருக்கிறது. அதனாலேயே டெபியன் தன் நிறுவல் வட்டில் அவற்றைச் சேர்க்காமல் நெடுங்காலம் மறுத்துவந்தது. இப்பதிவின் தொடக்கத்தில் சொன்ன வைஃபை இல்லாத நிலைக்கு ஒரு காரணம் அதுவே. 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து அந்த மறுப்பைக் கைவிட்டனர். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் நிறுவும்போதே ஃபர்ம்வேர் கிடைக்கிறது. கட்டற்றதல்ல என்று பெயரிலேயே குறிப்பிட்ட தனிப்பிரிவில் அது வைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் கணினியின் தொடக்கச் செய்திகளைத் திறந்து ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். எந்தக் கோப்பு, எந்தப் பதிப்பு ஏற்றப்பட்டது என்று ஒரு வரி இருக்கும். அந்தக் கோப்பின் மூலநிரல் பெரும்பாலான மடிக்கணினிகளுக்கு இன்றும் வெளியிடப்படவில்லை.